சிக் இசைக்குழுவின் வெற்றிப்பாடல் தொகுப்புகள்

சிக் என்பது கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆகியோர் 1976ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய டிஸ்கோ இசைக்குழு ஆகும். இக்குழுவின் 'லே ஃப்ரீக்' (1978), 'குட் டைம்ஸ்' (1979) ஆகிய பாடல்கள் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்றன. 1979 முதல் இக்குழுவின் வெற்றிப்பாடல் தொகுப்புகள் பல வெளிவந்துள்ளன.

இத்தகைய தொகுப்பை மதிப்பிடும்போது, பாடல்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு பாடலின் கால அளவையே முதலில் பார்க்க வேண்டும். டிஸ்கோ பாடல்கள் நடன அரங்குகளுக்கு நீண்ட வடிவிலும், வானொலிக்குச் சுருக்கிய வடிவிலும் வெளியிடப்பட்டன. 'ரிஸ்கே' இசைத்தொகுப்பில் 'குட் டைம்ஸ்' 8 நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கிறது. தனிப்பாடல் இசைத்தட்டில் 4 நிமிடங்கள்கூட இல்லை. நீண்ட வடிவின் நடுவே மற்ற கருவிகள் அடங்கி, பேஸ் கிட்டாரும் தாளமும் முன்னே வரும். பிறகு ஒவ்வொரு கருவியாக வந்து சேரும். சுருக்கும்போது பெரும்பாலும் வெட்டப்படுபவை இத்தகைய பகுதிகளே. ஆனால், தொடக்ககால ஹிப் ஹாப் வெற்றிப்பாடலான 'ராப்பர்ஸ் டிலைட்' (1979) இப்பாடலின் பேஸ் இசையின் மீதே எழுந்தது.

அடுத்து, பாடல்கள் மூல ஒலிப்பதிவுகளா, பிற்கால மேடைப்பதிவுகளா என்பதைக் கவனிக்க வேண்டும். சில தொகுப்புகளில் இவ்விருவரும் சிஸ்டர் ஸ்லெட்ஜ் குழுவுக்கு உருவாக்கிய பாடல்களும் இடம்பெறுகின்றன. முணுமுணுத்து மகிழச் சுருக்க வடிவம் போதும். இக்குழு இசையில் செய்த புதுமையை அறிய நீண்ட வடிவமே தேவை.