உட்கார இடம் இருக்கா பாஸ்?

கேம்பஸ் இன்டர்வியூ முடியப் போகுது. ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே, "நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்கிறார். என்ன கேட்பீங்க? சம்பளம், பாண்டு, போஸ்டிங் சென்னையா பெங்களூரா... அவ்வளவுதானே? 'தினமும் எட்டு மணி நேரம் எங்கே உட்காரப் போறேன்?' என்று யாராவது கேட்டதுண்டா?

நம்ம டெல்டாவிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கு. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில் கொல்லுமாங்குடி. சுற்றிலும் நெல் வயல். ஐ.ஐ.டி. மெட்ராஸின் உதவியோடு சலோனி மல்ஹோத்ரா 2007-ல் தொடங்கிய 'தேசிக்ரூ' என்ற கிராமப்புற பி.பி.ஓ., இந்த ஊரில் ஒரு சென்டர் நடத்தியது. லாபமும் வேணும், கிராமத்து இளைஞர்களுக்கு வேலையும் வேணும் என்பதுதான் ஐடியா.

ஆபீஸ் எங்கே இருக்கு என்பதிலேயே பாதி ஆரோக்கியம் அடங்கியிருக்கு. வேலை ஊருக்கே வந்தால் ஹாஸ்டல் வாடகை இல்லை, மெஸ் சாப்பாடு இல்லை. 'வெளியூருக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்' என்கிற வீட்டுப் பெண்களும் வேலைக்கு வரலாம்.

மீதிப் பாதி ஆபீஸுக்கு உள்ளே. ஜன்னல் வெளிச்சம் நேராக மானிட்டரில் அடித்தால் கண் கூசும். ஸ்கிரீனைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே சரியாகிடும். சேர் முதுகைத் தாங்கணும், பாதம் தரையில் பதியணும். பெண்களுக்குத் தனி டாய்லெட் இல்லையென்றால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அப்புறம் சிறுநீர்த் தொற்றுதான். 'ஊருக்கு நல்லது செய்யற கம்பெனியாச்சே' என்று இதையெல்லாம் விட்டுவிட முடியுமா? நல்ல எண்ணம் முதுகுவலிக்கு மருந்தில்லை பாஸ்!

உட்காருவது ஒரு மேட்டரா என்கிறீங்களா? 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' பார்த்தவர்களைக் கேளுங்க. துணிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து, கேரளா 2018-ல் இருக்கையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல், 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஒரு நாற்காலி சட்டத்துக்குள் வர 74 வருஷம்!

அடுத்த தீபாவளிக்குத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ துணி எடுக்கப் போனால், கவுன்ட்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கானு எட்டிப் பாருங்க. இன்டர்வியூவில், "ஆபீஸை ஒரு தடவை சுத்திப் பார்க்கலாமா சார்?" என்று தைரியமா கேளுங்க. நாளைக்கு நீங்களே கம்பெனி ஆரம்பிச்சா, போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி நல்ல சேர் வாங்கிப் போடுங்க!