கும்பாவுக்குள்ளே என்ன ரகசியம்?

உள்ளே வாங்க, சத்தம் மட்டும் வேண்டாம்! சாத்தான்குளத்தில் ஒரு வீட்டு அடுக்களை இது. ஒன்றரை வயது வாண்டு தொட்டிலில் தூங்குகிறான். அவன் கண் விழிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு தயாராக வேண்டும். எழுந்துவிட்டால் அலமாரியில் உள்ள சம்படமெல்லாம் தரைக்கு வந்துவிடும். அப்புறம் சமையலாவது ஒன்றாவது!

இன்றைக்கு என்ன? குதிரைவாலி, பாசிப்பருப்பு, மஞ்சள் பூசணி, அப்புறம்... ஆச்சி முறத்தை முன்னால் தள்ளிக் காட்டுகிறார். முருங்கைக்காய்! நாரைச் சப்பித் துப்பத் தெரியாத பிள்ளைக்கு முருங்கைக்காயா என்று பதறாதீர்கள். அந்த வித்தையைப் பார்க்கத்தானே எட்டிப் பார்க்கிறோம்.

தேரிக்காட்டுச் செம்மணலை அடுத்த இந்த வறண்ட பூமிக்கு முருங்கை ரொம்பத் தோது. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிக்குள் போன ஊர் இது. பேச்சும் கைப்பக்குவமும் இன்னும் நெல்லைச் சீமைதான். குதிரைவாலியோ அதே மாவட்டத்தின் வடக்கே, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைவது. தெற்கும் வடக்கும் ஒரே கும்பாவில், அடடா!

குதிரைவாலியை அரித்துக் கல் நீக்கி அரை மணி நேரம் ஊறவைத்தாயிற்று. 1 பங்கு குதிரைவாலிக்கு அரைப் பங்கு பருப்பு, 6 பங்கு தண்ணீர். பூசணித் துண்டுகள், இரண்டு சின்ன உள்ளி, கொஞ்சம் சீரகம், துளி மஞ்சள்தூள். நாலு விசில். பக்கத்து அடுப்பில் இட்லிக் கொப்பரைக்குள் முருங்கைக்காய் ஆவியில் வேகிறது.

இதோ, இதற்குத்தான் காத்திருந்தோம்! வெந்த காயை நீளவாக்கில் பிளந்து, ஸ்பூன் ஓரத்தால் ஒரே இழுப்பு. வெளிர்பச்சைச் சதை வழுக்கிக்கொண்டு கும்பாவில் விழுகிறது. தோலும் விதையும் தட்டோடு போச்சு. ஆச்சி விடுவதாக இல்லை. சதையை விரல் நுனியால் நசுக்கி நசுக்கித் தடவுகிறார். ஒளிந்திருந்த நார் ஒன்று அகப்பட்டுவிட்டது! அதைத் தூக்கிக் காட்டும்போது முகத்தில் என்ன பெருமை!

"அத்தே, உப்பு போட்டுட்டியளா?"

"போட்டாச்சுட்டி, ஒரு சிட்டிகை. நமக்குச் சப்புன்னுதான் இருக்கும், அவனுக்கு அது போதும்."

மருமகள் மிக்ஸியை எட்டிப் பார்க்கிறாள். ஆச்சி பருப்பு மத்தை எடுத்து நீட்டுகிறார். என் ஓட்டும் மத்துக்குத்தான். பல் முளைத்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் கூழாக அடித்துக் கொடுத்தால் மென்று பழகுவது எப்போது? குக்கரில் வெந்ததோடு முருங்கைச் சதையையும் சேர்த்து நாலு கடை கடைந்தால் போதும், அங்கங்கே பூசணி தட்டுப்படட்டும்.

கடைசியாக ஒரு ஸ்பூன் நெய். பூசணியின் மஞ்சளில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை நாலு சொட்டு: தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள வைட்டமின் சி கைகொடுக்கும், சூட்டில் கொதித்தால் அது குறைந்துபோகும். ஆச்சியைக் கேட்டால், "வாய்க்கு விளங்கும்லா" என்பதோடு சரி.

தொட்டில் அசைகிறது. எழுந்துட்டான்!

முதல் வாய்... துப்பிவிட்டான். மருமகள் முகம் வாடிப்போச்சு. வாடத் தேவையே இல்லை. புது ருசியைப் பிள்ளைகள் ஏற்க எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம் என்று குழந்தை உணவு ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆச்சி கும்பாவை அவன் பக்கமே நகர்த்துகிறார். ஐந்து விரலும் உள்ளே! கொஞ்சம் வாய்க்கு, கொஞ்சம் காதுக்கு, மீதி ஆச்சி சேலைக்கு. ஆனால் பாருங்கள், விழுங்குகிறான்!

நீங்களும் செய்து பாருங்கள். முருங்கைக்காய் கிடைக்காத ஊரென்றால் கேரட்டோ சுரைக்காயோ போதும். அலங்காரத்துக்கு என்று முழு முந்திரியையோ வேர்க்கடலையையோ மட்டும் மேலே போட்டுவிடாதீர்கள். நாலு வயது வரைக்கும் அது தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. பொடித்துக் கலந்துவிடுங்கள்.