குதிரையின் வயிற்றுவலிக்கு யார் காசு கொடுப்பது?

பிக் பென் கனடாவின் புகழ்பெற்ற தடைதாண்டும் குதிரை. பெல்ஜியத்தில் பிறந்தது. இயன் மில்லர் என்ற வீரரைச் சுமந்து 1988-லும் 1989-லும் அடுத்தடுத்து உலகக் கோப்பையை வென்றது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை அதன் வயிற்றைத் திறந்து குடலைச் சரிசெய்ய வேண்டி வந்தது. இரண்டு முறையும் பிழைத்து, களத்துக்குத் திரும்பி, மறுபடி பரிசுகளும் வாங்கியது. 1999 டிசம்பரில் அதே வலி திரும்ப வந்தபோது மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேதனை தீர ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார்கள்.

கோலிக் எனப்படும் இந்த வயிற்றுச் சூலை தனி ஒரு நோய் அல்ல. வாயு சேர்ந்தாலும், உலர்புல் அடைத்துக்கொண்டாலும், புழு சேர்ந்தாலும், குடலே முறுக்கிக்கொண்டாலும் வெளியே தெரிவது ஒரே வலிதான். குதிரை முன்காலால் தரையைக் கீறும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், வியர்க்கும், தரையில் விழுந்து புரளும். லேசான வலி சில மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். குடல் முறுகி ரத்த ஓட்டம் நின்றுவிட்டால், அதே சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எந்த வலி எது என்று ஆரம்பத்திலேயே பிரித்தறிவதுதான் மருத்துவருக்கு இருக்கும் பெரிய சோதனை.

இந்தத் துன்பத்துக்குக் குதிரையின் உடலமைப்பே பாதிக் காரணம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள அந்த உடலில் இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வலுவாக மூடிக்கொள்வதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும். அது நகர வேண்டிய சிறுகுடலின் நீளம் 20 மீட்டருக்கு மேல். அதற்கப்பால் குருட்டுக்குடல், பிறகு மூன்று நான்கு மீட்டர் நீளப் பெருங்குடல், இரண்டாக மடிந்து கிடக்கும். மடிந்த இடம் குறுகலானது, அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் விழும். இடப்பக்கப் பெருங்குடலோ வயிற்றுச் சுவரில் ஒட்டாமல் தளர்ந்து கிடப்பதால், வாயு நிறைந்தால் மிதந்து இடம் மாறுகிறது, சில நேரம் முழுச் சுற்றே சுற்றிக்கொள்கிறது. குட்டி ஈன்ற சில வாரங்களில் பெண் குதிரைகளுக்கு இந்த முறுக்கம் அதிகம் வருகிறது.

அமெரிக்க வேளாண் துறை 1998-ல் நாடு தழுவி எடுத்த கணக்கில், 100 குதிரைகளுக்கு ஆண்டுக்கு 4.2 முறை இந்த வலி வருவது தெரிந்தது. வந்தவற்றில் 11 சதவீதம் சாவில் முடிந்தன. ஆண்டு இழப்பு 11.5 கோடி டாலருக்கு மேல். இறந்த குதிரைகளின் மதிப்புதான் அதில் பெரும்பங்கு. அறுவை சிகிச்சைக்குப் போனவை 1.4 சதவீதம் மட்டும். எல்லா வலிக்கும் அறுவை தேவைப்படாது என்பது இதற்கு ஒரு காரணம். தேவைப்பட்டாலும் அந்தப் பெருந்தொகையைக் கட்ட எல்லா உரிமையாளராலும் முடியாது என்பது இன்னொரு காரணம்.

இத்தனை இழப்பு இருந்தும் ஆராய்ச்சிக்குப் பணம் எளிதில் வருவதில்லை. அரசின் வேளாண் நிதி மாட்டையும் பன்றியையும் கோழியையும் பார்க்கிறது, அவை மக்களின் உணவு. மருத்துவ ஆராய்ச்சி நிதி மனிதனைப் பார்க்கிறது. நாயும் பூனையும் வீட்டுக்கு வீடு இருப்பதால் அவற்றின் தீவனக் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் அந்தப் பக்கம் பணத்தைத் திருப்புகின்றன. குதிரை இந்த மூன்றுக்கும் நடுவே நிற்கிறது. அதன் வயிற்றுவலியைப் பற்றி ஒருவர் ஆராய வேண்டுமானால், குதிரையால் பிழைப்பவர்களோ அதன்மேல் பிரியம் வைத்தவர்களோதான் கைகொடுக்க வேண்டும்.

முதலில் கைகொடுத்தது பந்தய உலகம். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனின் மருத்துவராக இருந்த அட்மிரல் கேரி கிரேசன் குதிரைப் பிரியர். அவர் பெயரில் 1940-ல் ஒரு ஆராய்ச்சி நிதி தொடங்கப்பட்டது. 1989-ல் அது ஜாக்கி கிளப்பின் ஆராய்ச்சி நிதியோடு சேர்ந்தது. பல்கலைக்கழகங்களின் குதிரை ஆய்வுகளுக்கு இன்றுவரை தொடர்ந்து பணம் கொடுத்து வருகிறது. நியூயார்க் மாநிலம் வேறு வழியில் போனது. பந்தயச் சூதாட்ட வருவாய்ச் சட்டத்தை 1979-ல் திருத்தி, ஹாரி ஸ்வைக் என்ற கால்நடை மருத்துவரின் நினைவாக கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு நிதியை உண்டாக்கியது. பிரிட்டனில் 1961-ன் சட்டம் பந்தயம் கட்டும் நிறுவனங்களிடம் வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த வரியை வசூலிக்கும் வாரியம் கால்நடை ஆராய்ச்சிக்கும் அதில் ஒரு பகுதியை ஒதுக்குகிறது. ஓடும் குதிரையின் மேல் கட்டிய காசில் கொஞ்சம் அந்தக் குதிரைக்கே திரும்புவது நியாயமான ஏற்பாடு. பந்தயம் நடக்கும் நாடுகள் அனைத்தும் இதைப் பின்பற்றலாம்.

பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத சில்லறைப் பணமும் உண்டு. பட்டி என்ற வழிகாட்டி நாயின் சிறுநீரகம் கெட்டபோது அதற்கென்று தனி உணவு தயாரித்தவர் டாக்டர் மார்க் மாரிஸ். அந்த உணவைத் தயாரித்து விற்கும் உரிமையை 1948-ல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தபோது, டப்பா ஒன்றுக்கு அரை சென்ட் பங்கைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் ஓர் அறக்கட்டளைக்கு விட்டார். மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் என்ற அந்த அமைப்பு பின்னால் குதிரைகளின் வயிற்று ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்தது. பிரிட்டனில் பெட்பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பிரீமியத்தோடு சேர்த்து விருப்பப்பட்டுக் கொடுக்கும் சிறு தொகை, நாய், பூனை, குதிரை ஆராய்ச்சிக்கான ஓர் அறக்கட்டளையைத் தாங்குகிறது.

இன்னொரு வகைப் பணம் துயரத்தில் வருகிறது. 2006-ல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் பிரீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கி நின்றதைத் தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் அது எட்டு மாதம் உயிருக்குப் போராடியது. ஆப்பிளும் கேரட்டும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிந்தன. அதன் பெயரில் நிதி திறக்கப்பட்டது, முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். 2007 ஜனவரியில் குளம்பு அழற்சி முற்றி அது இறந்த பிறகு, அந்த நோயின் ஆராய்ச்சிக்கு அதுவரை காணாத வேகம் பிறந்தது. கோலிக்குக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. நடு இரவில் ஏதோ ஒரு லாயத்தில், உரிமையாளரும் மருத்துவரும் மட்டும் பார்க்க நிகழ்கிற சாவு அது. கேமரா அங்கே போவதில்லை.

ஆனால் குதிரைகளைக் காப்பாற்றியதில் பெரும்பகுதி, யாரையும் அழவைக்காத ஆராய்ச்சிதான். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பிரவுட்மேன் குழு, சிறுகுடலும் குருட்டுக்குடலும் சேரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் நாடாப்புழுவைப் பற்றி 1998-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல சாட்சி. அதற்குமுன் அந்தப் புழுவை அவ்வளவாகப் பொருட்படுத்தாதவர்கள் பலர். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏற்படும் அடைப்புகளில் சுமார் 81 சதவீதத்துக்கும், இசிவு வகை வலிகளில் 22 சதவீதத்துக்கும் அந்தப் புழுவோடு தொடர்பு இருக்கலாம் என்று குழு கணக்கிட்டது. புழு நீக்க மருந்து கொடுத்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டிய நிலையே வராமல் தடுக்கலாம் என்ற தெளிவு இதிலிருந்து கிடைத்தது. நாடாப்புழுவின் படத்தைப் போட்டு நன்கொடை கேட்பது கடினம். ஆனாலும் அந்த வேலை நடந்தே ஆக வேண்டியிருந்தது.

வர்ஜீனியா, மேரிலாந்து பகுதியின் 31 பண்ணைகளில் 1,427 குதிரைகளைக் கவனித்து 1997-ல் வெளியான ஆய்வும் இந்த ரகம்தான். தானியத் தீவனம் நாளுக்கு 2.5 கிலோவைத் தாண்டும்போது வலி வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுவதை அது காட்டியது. டெக்சாஸில் நடந்த ஆய்வுகள், உலர்புல்லைத் திடீரென்று மாற்றுவதும் ஆபத்து என்றன. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 900 குதிரைகளின் குடல் கற்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு சின்ன ஆணியையோ கூழாங்கல்லையோ சுற்றி மெக்னீசிய உப்பு படிந்து படிந்து தலையளவுக்குக்கூட வளரும் கற்கள் அவை. அந்த மருத்துவமனையில் சூலைக்காக நடந்த வயிற்று அறுவைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தக் கற்களால்தான். அப்பகுதியில் தாராளமாகப் போடப்படும் குதிரைமசால் தீவனத்தின் மேல் சந்தேகம் விழுந்தது, தீவனத்தை மாற்றிக் கொடுக்கச் சொல்ல மருத்துவர்களுக்கு ஆதாரம் கிடைத்தது.

வட கரோலினாவில் நடந்த ஆய்வு கொஞ்சம் சங்கடமான உண்மையையே வெளியே கொண்டுவந்தது. கோலிக் குதிரைக்கு உலகெங்கும் முதலில் போடப்படும் வலிநீக்கி ஃப்ளூனிக்ஸின். ரத்த ஓட்டம் தடைபட்டுச் சேதமான குடலின் உட்சுவர் ஆறுவதை அந்த மருந்தே தாமதப்படுத்துகிறது என்று அங்கு கண்டார்கள். ஃபிரோகாக்ஸிப் என்ற வேறொரு மருந்துக்கு அந்தக் குறை இல்லை. பழக்கப்பட்ட மருந்தில் குறை தேடும் ஆராய்ச்சிக்கு அதை விற்பவரிடம் போய்ப் பணம் கேட்க முடியாது. இந்த இடத்தில்தான் பொதுக் கொடையின் அருமை தெரிகிறது.

பணம் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் பிரிட்டன் பார்த்துவிட்டது. நியூமார்க்கெட் அருகே 1942 முதல் இயங்கிய அனிமல் ஹெல்த் டிரஸ்ட், பெரும்பாலும் நன்கொடையால் வாழ்ந்த ஆராய்ச்சி நிலையம். 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சல் பரவியபோது அதை உறுதிசெய்ததும் அதன் ஆய்வுக்கூடம்தான். அந்த எச்சரிக்கையில் பிரிட்டன் முழுவதும் பந்தயங்கள் ஆறு நாள் நிறுத்தப்பட்டன. அப்படிப்பட்ட நிலையம், கொரோனா காலத்தில் நிதி வற்றி, 2020 ஜூலை 31-ல் மூடப்பட்டது. சில பணிகளை வேறு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. பத்தாண்டுகளாகச் சேர்ந்து உழைத்த குழுக்கள் கலைந்ததை மட்டும் யாராலும் ஈடுகட்ட முடியவில்லை.

அந்த நிலையம் கடைசிக் காலத்தில் எடுத்துக்கொண்ட பெரிய முயற்சிகளுள் ஒன்று, புல்நோய்க்குத் தடுப்பூசி காணும் சோதனை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் குட்டைக் குதிரைகளும் அதில் சேர்க்கப்பட்டன. மேயும் குதிரையின் குடலை அப்படியே செயலிழக்க வைக்கும் நோய் இது. முதலில் சூலை போலவே தோன்றும். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் நூறாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டும், காரணம் இன்னும் முடிவாகவில்லை. துபாய் உலகக் கோப்பையை 2000-ல் வென்ற துபாய் மில்லெனியம் என்ற குதிரை, இனப்பெருக்கத்துக்கு விடப்பட்ட முதல் பருவத்திலேயே, 2001 ஏப்ரலில் இந்த நோயால் இறந்தது. துபாய் அரச குடும்பத்தின் செல்வமும் அதைக் காப்பாற்றவில்லை.

இந்த நோய்க்காகவே ஸ்காட்லாந்தில் 1988-ல் ஒரு நிதி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் பலர் தங்கள் குதிரைகளை இதற்குப் பறிகொடுத்தவர்கள். இப்போது அந்த நிதி, மோர்டன் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து மாதிரிகளின் சேமிப்பகம் ஒன்றை நடத்துகிறது. நோயுற்ற குதிரையின் ரத்தம், இலத்தி, திசு. அதே வயலில் மேய்ந்தும் நோய் வராத குதிரையின் மாதிரி. அந்த வயலின் புல், மண் எல்லாம் அங்கே உறைநிலையில் வைக்கப்படுகின்றன. தீவிர வகையில் குதிரை இரண்டு நாளுக்குள் இறந்துவிடுவதால், மாதிரி எடுக்க உரிமையாளரின் சம்மதத்தை அந்த இரண்டு நாளுக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது. சம்மதம் கிடைத்த பிறகு உள்ளூர் மருத்துவரின் நேரம், மாதிரியை அனுப்பும் செலவு, உறைபெட்டிகளின் மின்சாரம், பதிவேடு எழுதும் ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். அதில் பெரும்பகுதி குதிரை வளர்ப்பவர்களின் நன்கொடையாகவே வருகிறது.