128 கிலோபைட்டுக்குள் ஒரு மேசை

கணினித் திரையில் ஒரு சாளரத்தை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் அடியில் இருப்பது பாதி மறையும். மேலே கிடப்பதை நகர்த்தினால் மறைந்தது மீண்டும் தெரியும். இன்று இதை யாரும் கவனிப்பதே இல்லை. 1980 வாக்கில் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலாளர் பில் அட்கின்சனுக்கு இதுதான் பெரிய தலைவலி.

சுட்டி, சாளரம் இரண்டுமே ஆப்பிளின் கண்டுபிடிப்புகள் அல்ல. கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸின் ஆய்வகம் 1973-லேயே ஆல்டோ என்ற கணினியை உருவாக்கியிருந்தது. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் குழுவோடு போய் அதைப் பார்த்தார். 'திருட்டு' என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் இதற்குக் கைமாறாக ஆப்பிள் பங்குகளை வாங்கும் உரிமை ஜெராக்ஸுக்குக் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அட்கின்சன் அங்கே பார்த்ததாக நினைத்த ஒன்று அங்கே இல்லை. பாதி மறைந்த சாளரத்தில் வெளியே தெரியும் பகுதியை மட்டும் கணினி தானாகவே வரைகிறது என்று நம்பி வந்தார். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்று உட்கார்ந்து, அதைச் செய்தும் விட்டார்! எவ்வளவு கோணலான வடிவமானாலும், திரையின் ஒவ்வொரு வரியிலும் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வார். அடுத்த வரியில் மாற்றம் இல்லையென்றால் எழுதவே தேவையில்லை. கெட்டிக்காரச் சிக்கனம்.

வட்டம் வரைய வர்க்கக் கணக்கு வேண்டும். பெருக்கலோ அன்றைய கணினிச் சில்லுக்கு மெதுவான வேலை. ஒற்றைப்படை எண்களைக் கூட்டியே அதையும் சமாளித்தார்: 1+3=4, 1+3+5=9.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இருந்தது. 1984 ஜனவரி 24 அன்று 2,495 டாலர் விலையில் வெளிவந்த ஆப்பிளின் மெக்கிண்டாஷ் கணினியின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். 512-க்கு 342 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையே அதில் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வன்தட்டு கிடையாது. ஒரே டிரைவில் பிளாப்பியைப் பிரதியெடுக்க உட்கார்ந்தால், இதை எடு, அதைப் போடு என்று கணினி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். அழகான இயந்திரம், ஆனால் பொறுமை வேண்டும்.

போட்டி இயங்குதளமான விண்டோஸின், 1985 நவம்பரில் வந்த முதல் பதிப்பில் நிரல்களின் சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏறின. மறு ஆண்டே ஆப்பிள் வழக்குப் போட்டு, கடைசியில் தோற்றது.

பழைய மேக்கின் உண்மையான பலவீனம் வேறு. பின்னாளில் பல நிரல்கள் ஒன்றாக ஓடத் தொடங்கியபோதும் அவற்றுக்கு இடையே நினைவகப் பாதுகாப்பு இல்லாததால், ஒன்று கெட்டாலே மொத்தக் கணினியும் நின்றுபோகலாம். திரையில் ஆப்பிளின் வடிவமைப்பாளர் சூசன் கேர் வரைந்த வெடிகுண்டுப் படம் தோன்றும். 2001-ல், நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து மேக் ஓஎஸ் டென் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

அட்கின்சன் எழுதிய வரைகலை நிரலின் மூலத்தைக் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2010-ல் வெளியிட்டது. அசெம்பிளி மொழி தெரிந்தவர்கள் ஒருமுறை இறக்கிப் படித்துப் பாருங்கள்.