ஆழம் பிழைத்தது ஏன்?

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர். உளி ஒன்றையே நம்பியிருந்த மரவேலைக்கு இந்நாளில் கணினி ஏவும் சி.என்.சி. ரூட்டர் யந்திரமும் துணையாயிற்று. விடுமுறையில் அப்பக்கத்துப் பட்டறையொன்றிற்கு யாம் சென்றிருந்தோம். புதுமனைக்குச் செல்லவேண்டிய தேக்குக் கதவில், தொடக்கத்தில் 6 மில்லிமீட்டர் ஆழஞ் சென்ற பூவேலை, முடிவில் 8 மில்லிமீட்டர் சென்று பாழாயிற்று. வெட்டலகாகிய பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலையே பலரும் பழித்தனர். முதிய ஆசாரி ஒருவர் அதற்கு இசைந்திலர்.

அவர் ஆராய்ந்த முறை வருமாறு: ஆழம் இடத்திற்கிடம் மாறின், பலகை கோணியிருத்தல் வேண்டும்; அன்றேல் மேடை மட்டமற்றிருத்தல் வேண்டும். நேரஞ் செல்லச் செல்ல ஆழங் கூடின், பிட்டைப் பற்றும் காலெட்டின் பிடி தளர்ந்ததோவென முதற்கண் நோக்குக. மேல்நோக்கிச் சீவலை எறியும் சுருள் பிட், பிடி தளரின் தானே கீழிறங்கும்.

நிற்க, ஸ்பிண்டிலின் பிழைக்கும் அடையாளங்கள் உள. மின்சாரத்தைத் துண்டித்துக் கையாற் சுழற்றுங்கால் கரகரப்புத் தோன்றின், பேரிங் தேய்ந்ததாகலாம். வேகங் குறையின் இன்வெர்ட்டரைச் சோதிக்க வேண்டும். இரு துருவ மோட்டார் 400 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 24,000 முறை சுழலும்.

இங்கோ ஸ்பிண்டில் குற்றமற்றிருந்தது. காலெட்டில் மரத்தூள் அடைந்திருந்தது. அதனைத் துடைத்துப் பிட்டை இறுக்கியபின் ஆழம் மாறவில்லை. ஸ்பிண்டிலை மாற்றியிருப்பின் பணமும் போய், அடுத்த கதவும் பாழாகியிருக்கும். யந்திரம் ஏவியதைச் செய்யும். பிழையின் காரணத்தை ஆராய்தல் நம் கடனேயாம்.