சட்டக் கல்விக்கு முன்: எந்தப் பட்டம், எந்த வழி?

பொருள் வசதியின்மையால் எந்தக் குடிமகனுக்கும் நீதி கிடைக்காமல் போகலாகாது என்பது, 1976ஆம் ஆண்டில் நமது அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவின் நோக்கமாகும். இந்நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், தேர்ந்த வழக்கறிஞர்கள் மாநகரங்களில் மட்டுமன்றி மாவட்ட, வட்ட நீதிமன்றங்களிலும் பணியாற்ற வேண்டும். விவசாயிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகள் பெருமளவில் சட்டக் கல்விக்கு வருவது இதனால் இன்றியமையாததாகிறது. ஆனால், குடும்பத்தில் எவரும் நீதிமன்றப் படி ஏறியிராத மாணவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி எழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேரே சட்டக் கல்லூரிக்குச் செல்வதா, வேறொரு பட்டம் பெற்றபின் செல்வதா? பட்டம் எனில், எந்தப் பாடத்தில்?

இரு வழிகள்

வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியின் தரத்தையும் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய வழக்கறிஞர் மன்றம் நெறிப்படுத்துகிறது. பட்டப் படிப்புக்குப்பின் மூன்றாண்டுகள் சட்டம் பயில்வது பழைய வழி. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு 1980களில் வழிவகுக்கப்பட்டது. பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய சட்டப் பள்ளி, பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988ஆம் ஆண்டு தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபின் இம்முறை நாடெங்கும் பரவலாயிற்று.

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. போன்றவற்றுள் ஒன்றும் எல்எல்.பி.யும் ஒருங்கிணைந்த படிப்பில் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. இரு வழிகளிலும் பெறும் சட்டப் பட்டம், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்குச் சமமான தகுதியே ஆகும். காலத்தில் உள்ள வேறுபாடு ஓராண்டு மட்டுமே: ஒன்று ஐந்தாண்டு, மற்றொன்று மூன்றும் மூன்றுமாக ஆறாண்டு.

இடையில் நின்றால்

இந்த ஓராண்டுச் சேமிப்பை மட்டுமே கணக்கில் கொண்டு முடிவெடுத்தல் தகாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஒருங்கிணைந்த படிப்பைப் பிரித்து இடையில் ஒரு பட்டம் மட்டும் வழங்க இயலாது. இடையில் சேரவும் இயலாது. குடும்பச் சூழ்நிலையால் மூன்றாம் ஆண்டின் இறுதியில் படிப்பை நிறுத்த நேரும் மாணவர், பட்டம் எதுவுமின்றி வெளியேற வேண்டியிருக்கும். முதலில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. முடித்தவரோ, ஒரு பட்டதாரியாகப் போட்டித் தேர்வுகள் எழுதலாம், பணியில் சேரலாம், வசதி வாய்த்தபின் சட்டம் பயிலலாம். எனவே, வருவாய் உறுதியற்ற குடும்பத்தினருக்கு ஆறாண்டு வழி பாதுகாப்பானது. சட்டத்தில் உறுதியான நாட்டமும், ஐந்தாண்டுகளுக்கு வேண்டிய பொருள் வசதியோ உதவித்தொகையோ உள்ளவர்களுக்கு ஒருங்கிணைந்த படிப்பு ஏற்றது.

மூன்றாண்டுப் படிப்பில் சேர, முந்தைய பட்டத்தில் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோர் 42 விழுக்காடும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் குறைந்த அளவாகப் பெற்றிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை முறையாக முடித்தபின் அஞ்சல்வழியில் பெற்ற பட்டமும் ஏற்கப்படுகிறது. அந்த அடிப்படைக் கல்வியின்றித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் ஏற்கப்படுவதில்லை. இவ்விதியை அறியாமல் பணமும் காலமும் செலவிட்டபின் ஏமாற்றமடைவதைத் தவிர்க்க வேண்டும்.

எந்தப் பாடம்?

சட்டக் கல்விக்கென விதிக்கப்பட்ட தனிப் பட்டப் பாடம் எதுவுமில்லை. டாக்டர் அம்பேத்கர் பொருளாதாரம் பயின்றவர். ஜவஹர்லால் நேரு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றபின் பாரிஸ்டரானார். டாக்டர் ராஜேந்திர பிரசாத் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் சட்டத்தில் உயர்ந்தார்.

எனினும் ஒவ்வொரு பாடமும் சட்டத்தின் ஒரு துறைக்குத் துணை நிற்கிறது. வரலாறும் அரசியல் அறிவியலும் அரசியலமைப்புச் சட்டத்தை எளிதாக்கும். வணிகவியல் பயின்றவருக்கு வருமான வரி, 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டம், 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அச்சமூட்டா. காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் தேவை. எனவே அறிவியல் மாணவர்கள் சட்டத்துறை தங்களுக்குரியதன்று எனக் கருத வேண்டியதில்லை. வேளாண்மை, சமூகப் பணி ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களின் அறிவு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் போன்றவற்றின்கீழ் எழும் வழக்குகளில் கிராம மக்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், ஆழ்ந்து கற்கக்கூடியதும் நல்ல மதிப்பெண் பெறக்கூடியதுமான பாடத்தையே தேர்தல் வேண்டும். 'சட்டத்துக்கு உகந்தது' என்று பிறர் சொல்வதற்காக விருப்பமில்லாத பாடத்தை ஏற்பவர், இரண்டிலும் பின்தங்க நேரிடும்.

மொழியும் சிந்தனையும்

நீண்ட பகுதியைப் படித்து அதன் சாரத்தைக் கண்டறிதல், உண்மைகளை வரிசைப்படுத்துதல், கருத்தைச் சுருக்கமாக எழுதுதல் ஆகிய திறன்களே சட்டத்தின் அடித்தளம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவற்றில் சேர 2008 முதல் நடைபெற்றுவரும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வும் இத்திறன்களையே சோதிக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றங்களிலோ மாநில மொழி பெரிதும் பயன்படுகிறது. ஆகவே, பட்டப் படிப்புக் காலத்தில் தாய்மொழி, ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் பிழையின்றி எழுதப் பழகுதல் நன்று.

பட்டத்துக்குப் பின்

சட்டப் பட்டம் பெற்றவுடன் வருவாய் தொடங்கிவிடுவதில்லை. மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். பதிவுக் கட்டணம் சட்டம் குறிப்பிடும் அளவான 750 ரூபாயை மிஞ்சக்கூடாதென்றும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாயே என்றும் உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது ஏழை மாணவர்களுக்கு ஆறுதலாகும். ஆனால், நீதித்துறையின் முதற்படியான உரிமையியல் நீதிபதிப் பணிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவையென அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகும் இத்தொடக்க ஆண்டுகளில் வருவாய் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இந்த ஆண்டுகளுக்கான செலவையும் சேர்த்தே குடும்பத்தினர் திட்டமிடல் வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் இவ்விவரங்களைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே மாணவர்க்கு எடுத்துரைத்தால், வழி தெரியாமல் விலகிப்போவோர் எண்ணிக்கை குறையும். முன்னதாகப் பெறும் பட்டம் வீணான காத்திருப்பன்று. பிற்காலத்தில் வழக்கை நாடி வரும் மக்களின் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் முதலீடு அது. ஏழை எளியோரின் வாழ்வை அறிந்த இளைஞர்கள் அவர்களுக்காக வழக்காடும் நிலை பெருகும்போதே, அரசியலமைப்பு அளித்த நீதியின் உறுதிமொழி கடைக்கோடிக் கிராமத்தையும் சென்றடையும்.