தலையிடி எப்போது தொடங்கியது?

‘பெண்பிள்ளைகளைப் படிப்பித்தால் பிரசவ மரணம் குறையும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றி யாரும் கற்பிப்பதில்லையே. பின் எப்படிக் குறைகிறது?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நியாயமான கேள்வி. படிப்பில் ஓராண்டு கூடினால் மரணம் இத்தனை வீதம் குறையும் என்று கணக்குக் காட்டும் அறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. படித்த பெண் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டிலும் ஆசுபத்திரிக்கு அண்மையிலும் வாழ்பவளாதலால், எது கல்வியின் பலன், எது காசின் பலன் என்று பிரித்தறிவது எளிதன்று. ஆயினும், அவ்வாறு பிரித்த பின்னும் எஞ்சி நிற்கும் பலன் ஒன்று உண்டு. அது இயங்கும் விதமே வியப்புக்குரியது.

மானிடவியலாளர் ராபர்ட் லெவீனும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ, நேபாளம், வெனிசுவேலா, சாம்பியா ஆகிய நாடுகளில் தாய்மாரை ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பள்ளியை விட்டு நெடுங்காலம் கழிந்த பின்னும் அத்தாய்மாரிடம் தங்கியிருந்தது பாடங்களின் சாரமன்று, ஒருவகைப் பேச்சுத்திறன் என்பது அவர்கள் கண்ட முடிவு. வீட்டில் நாம் பேசுவதெல்லாம் முன்பே விஷயம் தெரிந்தவர்களோடுதான். ‘அது திரும்பவும் வந்திட்டுது மாமி’ என்றால் மாமிக்குப் போதும். ஆனால், நம் வீட்டையும் உடம்பையும் அறியாத அந்நியர் ஒருவருக்கு, நடந்ததை முதலிலிருந்து, காலக்கிரமம் பிசகாமல், அவருக்கு வேண்டியதை விடாமல் சொல்வது பழக்கத்தால் மட்டுமே வரும் வித்தை. பசு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஆசிரியை, பசு என்றால் என்ன என்று எழுப்பிக் கேட்கும் வகுப்பறையில்தான் ஒரு சிறுமி அதை முதன்முதலாகப் பழகுகிறாள்.

கிளினிக் வாங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். ‘ஒரே தலையிடி மிஸ், ஏலாமக் கிடக்கு’ என்கிறாள் ஒருத்தி. ‘முந்தநாள் விடியத் தொடங்கினது, பனடோல் போட்டும் விடேல்லை, நேற்று மத்தியானத்திலையிருந்து கண் மங்குது, மோதிரமும் கழற்ற ஏலாமல் இறுகிப்போச்சு’ என்கிறாள் மற்றவள். இருவருக்கும் நோவு ஒன்றே. ஆனால், வலிப்பில் கொண்டுபோய்விடக்கூடிய இரத்த அழுத்தத்தின் அடையாளங்கள் இரண்டாமவளின் வாக்கியத்தில் வரிசையாக நிற்கின்றன.

துலா மிதித்து இறைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலாவில் நடப்பவருக்கும் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவருக்கும் கடைசிப் பாத்தி தெரியாது; அங்கே தண்ணீர் மாறுபவர் குரல் கொடுத்தால்தான் வரம்பு உடைந்ததும் பாத்தி நிரம்பியதும் கிணற்றடிக்குத் தெரியும். வைத்திய ஞானம் கிணற்று நீர். கர்ப்பிணியின் உடம்பு கடைசிப் பாத்தி. கல்வி அந்தக் குரல். ‘தண்ணி போகுது’ என்று மட்டும் கத்தினால் போதாது, எந்த வரம்பு, எவ்வளவு நேரமாக என்றும் சொல்ல வேண்டும். ஆனால், கிணறு வற்றியிருந்தாலோ துலாக்கயிறு அறுந்திருந்தாலோ எத்தனை திருத்தமாகக் கூவினாலும் மிளகாய்க் கன்று வாடவே செய்யும்.

யாழ்ப்பாணம் அந்த வாட்டத்தையும் பிரத்தியட்சமாகக் கண்டது. 2006 ஆகஸ்டில், குடாநாட்டின் தரைவழியான ஏ9 பாதை போரால் மூடப்பட்டபோது இங்குள்ள தாய்மார் தங்கள் படிப்பை மறந்துவிடவில்லை, பாதைதான் இல்லாமற்போயிற்று. பிள்ளை பிறந்தபின் பெருகும் இரத்தப்போக்கு, சிகிச்சை கிடையாவிடில், இரண்டு மணித்தியாலத்தில் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வரவே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லும்.

சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது 1824இல். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் பிரசவ நூலொன்றைத் தமிழாக்கியது 1857இல். உடுவிலை அடுத்த இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆசுபத்திரி எழுந்தது 1898இல். இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலங்கையில் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1930களில் 2,000 அளவில் இருந்த தாய் மரணம் அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் 40க்குக் கீழே நிற்கிறது. மலேரியா ஒழிப்பும் இரத்த வங்கியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இதில் பெரும்பங்கு பெற்றனவாதலால், முழுப் புகழையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது நியாயமன்று.

ஆனால், ஒன்றை மறக்கலாகாது. கர்ப்பிணியின் படலையைத் திறந்து உள்ளே வரும் மருத்துவிச்சியும் ஒருகாலத்துப் பள்ளிச் சிறுமியே. சொல்லத் தெரிந்தவளை மட்டுமன்றிக் கேட்கத் தெரிந்தவளையும் அதே வகுப்பறைதான் ஆக்கித் தந்தது. ஆதலால், கோவையாகச் சொல்ல வராத தாயிடமும் மருத்துவிச்சி விறாந்தையில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்த வாக்கியத்தைத் தானே முழுமையாக்கிக்கொள்கிறாள். கர்ப்பிணிகளுக்குக் கைப்பேசியில் அறிவுரை அனுப்பும் செயலிகளைப் பற்றி இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். அறிவுரை தாயை நோக்கிப் போகிறது. எனக்கு வேண்டியது தாயிடமிருந்து வரும் செய்தி. மருத்துவிச்சி இல்லாத பிரிவு ஒன்றேனும் இருக்குமாயின், செயலிகளுக்குச் செலவாகும் பணத்தை முதலில் அங்கே ஒருத்தியை நியமிப்பதில் செலவிட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.